மழைநீர் வடிகால்காரன் பார்த்த சிங்கப்பூர்

நாள் 1, புதன்

முப்பது வருடம் சென்னையில் மழைநீர் வடிகால் கட்டிய ஆள் நான். புது ஊருக்குப் போனால் சிலர் கோபுரத்தைத் தேடுவார்கள், சிலர் கடைவீதியைத் தேடுவார்கள். எனக்குக் கண் தரைக்குத்தான் போகும். ரோட்டோரம் சாய்வு சரியாக இருக்கிறதா, வடிகால் வாயில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்வேன். என் மனைவி இதைப் பற்றிச் சொல்லாத சொல் இல்லை. இந்த முறை அவள் வரவில்லை. அதனால் நிம்மதியாகக் குனிந்தே நடக்கலாம்.

அக்கா சிங்கப்பூரில் அங் மோ கியோ என்ற பகுதியில் இருக்கிறாள். கல்யாணமாகி வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. முன்பு இரண்டு முறை வந்தபோது செந்தோசா, முஸ்தபா என்று எல்லோரும் போகும் இடங்களுக்குப் போய்விட்டு, தைல பாட்டில்களோடு திரும்பினேன். இந்த முறை வேலையே வேறு. நான் குடியிருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. எங்கள் பக்கம் வருகிற அடுக்குமாடி விளம்பரங்களில் எல்லாம் இப்போது 'எகோ' என்ற சொல் கட்டாயம், சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அர்த்தமாம். சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டிவிட்டு, வாசலில் நாலு பனை நட்டால் எகோ ஆகிவிடுகிறது. அந்தப் பனையும் பிளாஸ்டிக்கோ என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். நிஜப் பனைதான். ஒரு நகரம் உண்மையிலேயே திட்டமிட்டுப் பசுமையாகக் கட்டப்பட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அக்கா மகள் போன வருடம் தெங்கா என்ற புது ஊருக்குக் குடிபோனாள். "மாமா, காட்டு நகரம்னு சொல்றாங்க, வந்து பாருங்க" என்றாள். வந்துவிட்டேன்.

இன்று பயணக் களைப்பு, எங்கும் போகவில்லை. மாலையில் அக்கா வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். பக்கத்தில் சீனப் பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. நம் மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லாத இடத்துக்குள் ஒரு நாடே இருக்கிறது. அறுபது லட்சம் பேர், விமான நிலையம், ராணுவம், நீர்த்தேக்கங்கள், குப்பை மேடு எல்லாம் இதற்குள்தான். இங்கே திட்டம் போடாமல் இருந்தால் காலை நீட்ட இடமிருக்காது.

1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்தது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக 'வீவக', தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடத்துக்குள் அந்த மக்களுக்கு மாடி வீடு கிடைத்தது. இன்று இங்குள்ள குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்துக்கு எட்டுப் பேர் 'வீவக' வீட்டில்தான் வசிக்கிறார்கள். அன்று யாரும் பசுமை என்று பேசியிருக்க மாட்டார்கள். தலைக்கு மேல் கூரை, குழாயில் தண்ணீர், கழிப்பறை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்தது.

அங் மோ கியோ வடிகால்கள் பற்றி: திறந்த கான்கிரீட் கால்வாய், V வடிவ அடித்தளம், சுத்தம். பிளாஸ்டிக் பை ஒன்று கண்ணில் பட்டது. ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாள் 2, வியாழன்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. தொழில் தெரியாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பீஷான் பூங்கா. 62 ஹெக்டேர். அதன் ஓரமாகக் காலாங் ஆறு ஒரு காலத்தில் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. 2.7 கிலோமீட்டர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக. வேலி போட்டு, உள்ளே போகாதே என்று பலகை வைத்திருந்தார்களாம். அக்காவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "பெரிய சாக்கடைன்னுதான் நினைச்சிருந்தேன். ஆறுன்னே தெரியாது" என்றாள்.

2006இல் நீர்வளத்துறை, வடிகால்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் இறங்கிப் பழகும் இடங்களாக மாற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் இந்தக் கால்வாயை உடைத்தார்கள். படித்தபோது நான் நம்பவில்லை. நல்ல நிலையிலுள்ள கான்கிரீட் கால்வாயை யாராவது உடைப்பார்களா? எங்கள் ஊரில் ஒரு ஸ்லாப் உடைக்க ஆறு கையெழுத்து வேண்டும். இவர்கள் முழுக் கால்வாயையும் பெயர்த்து, அந்த இடத்தில் வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றை உண்டாக்கினார்கள். 2012இல் திறந்தார்கள். உடைத்த கான்கிரீட் துண்டுகளில் ஒரு பகுதியைக் குவித்து ஒரு சின்னக் குன்று செய்திருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்தேன். என் வாழ்நாள் வேலையின் மேலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கரையில் சிமெண்ட் இல்லை. வேர்களும் கல்லும் நாரும் சேர்ந்து மண்ணைப் பிடித்து நிற்கின்றன. கற்றை கற்றையாகக் குச்சிகளைக் கட்டிப் பதித்திருக்கிறார்கள், அவை துளிர்த்து வேர்விட்டு அங்கேயே நிலைத்துவிடுகின்றன. எந்த முறை எந்த மண்ணுக்கு நிற்கும் என்று முதலில் சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டுத்தான் மொத்த ஆற்றிலும் இறங்கினார்களாம்.

மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. அக்கா "போகலாம்டா" என்றாள். நான் அசையவில்லை. இதைப் பார்க்கத்தானே வந்தேன்? மழை அடித்தது, நம்மூர் ஐப்பசி மழை மாதிரி. கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன, சைரன் ஒலித்தது. ஆற்றோரம் இருந்தவர்கள் பதற்றமே இல்லாமல் மேட்டுக்கு ஏறினார்கள். நாங்கள் ஒரு கூரைக்கடியில் நின்று பார்த்தோம். முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் புல்வெளிக்கு ஏறி, நடைபாதையை மூடி, அகன்றுகொண்டே போனது. பெருமழையில் இந்த ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்கு விரியும்படி விட்டிருக்கிறார்கள். பூங்காதான் ஆற்றின் மறு பாதி. வெயில் நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், மழை நாளில் ஆறு வந்து படுத்துக்கொள்கிறது.

எங்கள் தொழிலில் ஒரே மந்திரம்தான்: தண்ணீரைச் சீக்கிரம் தள்ளிவிடு. கான்கிரீட் வழவழப்பாக இருக்கும், வேகம் கூடும், நம் பகுதி தப்பிக்கும். அடுத்த பகுதி? அது அடுத்த ஒப்பந்தம். நானும் செய்திருக்கிறேன். ஒரு பழைய ஓடையை நேராக்கிக் கான்கிரீட் போட்டுக் கொடுத்தோம். அந்தத் தெருக்காரர்கள் சால்வை போர்த்தினார்கள். அந்த வருடக் கார்த்திகையில் கீழே இருந்த காலனியில் இடுப்பளவு தண்ணீர். அங்கே யாரும் எனக்குச் சால்வை போர்த்தவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை. இங்கே ஆற்றை மெதுவாக நடக்கவிட்டிருக்கிறார்கள். வளைவும் புல்லும் கல்லும் வேகத்தைத் தின்றுவிடுகின்றன.

மழை நின்று ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது. புல்லில் சேறு. நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்தது, ஐந்து உருப்படி, மீனைக் கடித்தபடி. ஆபீஸ் முடிந்து வந்தவர்கள் எல்லாம் போனை எடுத்துவிட்டார்கள். என் செருப்பு ஒன்று ஆற்றோடு போயிருந்தது. அக்கா திட்டிக்கொண்டே வந்தாள், நான் ஒற்றைச் செருப்போடு அவள் பின்னால்.

நாள் 3, வெள்ளி

பொங்கோல். எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலில் போய், ஓட்டுநர் இல்லாத குட்டி ரயிலுக்கு மாறினோம். ஒரு காலத்தில் மீனவர்களும் கோழி, பன்றிப் பண்ணைகளும் இருந்த கடலோரக் கிராமம் இது. பன்றிப் பண்ணைக் கழிவு நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கெடுக்கிறது என்று 1980களில் பண்ணைகளை மூட ஆரம்பித்தார்கள். 1996இல் புது நகரத் திட்டம் வந்தது. மறு வருடமே ஆசியப் பொருளாதார நெருக்கடி. பாதியில் நின்றது. 2007இல் திரும்ப எடுத்தார்கள். திட்டமிட்ட நகரம் என்றால் வரைபடத்தில் போட்டபடி எழும்பிவிடும் என்று நினைக்கிறோம். இங்கேயும் பத்து வருடம் புல் முளைத்துக் கிடந்திருக்கிறது.

ஊருக்கு நடுவே 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி, முழுக்க வெட்டியது. 2011இல் திறந்தது. இரண்டு பக்க நீர்த்தேக்கங்களை இணைக்கிறது. சைக்கிள், ஓட்டக்காரர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். அழகுதான். நேற்று அந்த ஆற்றைப் பார்த்த கண்ணுக்கு இது கொஞ்சம் சீவி வாரி பவுடர் போட்ட மாதிரி தெரிந்தது.

வீடமைப்புக் கழகத்தின் முதல் பசுமைக் குடியிருப்பும் இங்கேதான், 2010இல் முடிந்தது. கார் நிறுத்தத்தின் மேல் தோட்டம், கூரையில் சூரியத் தகடுகள். குப்பைக்கு ஒன்று, மறுசுழற்சிப் பொருளுக்கு ஒன்று என்று இரண்டு குழாய்கள். காற்று வரும் வழி பார்த்து, மேற்கு வெயில் நேராக விழாமல் திருப்பி வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டால் எங்கள் ஊர்க் கொத்தனார் சிரிப்பார். திண்ணையும் முற்றமும் வைத்தவர்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தா வைத்தார்கள்? ஆனால் பதினாறு மாடிக்குத் திண்ணை வைக்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் தோசை சாப்பிட்டோம். சட்னி சரியில்லை.

நாள் 4, சனி

தெங்காவுக்கு வந்தாயிற்று. மூட்டை முடிச்சோடு, கடைசி இரண்டு இரவும் இங்கேதான்.

மலாயில் தெங்கா என்றால் நடு. ஊர் இருப்பதோ மேற்கு ஓரம். மொத்தம் 700 ஹெக்டேர், 42,000 வீடுகள் வரப்போகின்றன. 2016இல் அறிவித்தார்கள். முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தது 2018 கடைசியில், முதல் குடும்பங்கள் சாவி வாங்கியது 2023இல். இன்னும் பாதி ஊர் கட்டுமானத்தில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் பச்சை, மூன்று பக்கம் கிரேன்.

அக்கா மகள் சுற்றிக் காட்டினாள். ஊர் மையத்தில் கார்கள் தரைக்கடியில் ஓட, மேலே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் என்பது திட்டம். இன்றைக்கு அங்கே தகரத் தடுப்புதான். ரயில் பாதை இன்னும் வரவில்லை, பஸ்ஸில் சுவா சூ காங் போய் ரயில் பிடிக்கிறாள். "கார் வாங்கலையா?" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். இங்கே கார் வாங்குமுன் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து வருடத்துக்கு. 1990இலிருந்து இப்படித்தான். 2023 அக்டோபரில் அந்தச் சான்றிதழ் மட்டும், சின்னக் காருக்கே, ஒரு லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் இருந்தது. நம் காசில் அறுபது லட்சம். அதற்கு மேல்தான் காரின் விலை. கார் வாங்காதீர்கள் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டுவதைவிட இது வேலை செய்கிறது. நியாயமா என்றால், காசு இருப்பவனுக்கு ரோடு காலியாகக் கிடைக்கிறது என்பதும் உண்மை.

வீட்டில் ஏசி உண்டு, வெளியே பெட்டி இல்லை. சில புளோக்குகளின் கூரையில் பெரிய இயந்திரங்கள் தண்ணீரைக் குளிர வைத்துக் குழாயில் அனுப்புகின்றன. விருப்பமிருந்தால் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி கம்ப்ரசர் ஓடுவதைவிட மின்சாரம் மிச்சம். நல்லதுதான். ஆனால் இந்த நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இயற்கை எரிவாயுவில் வருவது. குழாயின் அந்த முனையில் என்ன எரிகிறது என்பது கூரைத் தோட்டத்தில் தெரியாது.

இனி குப்பை. வெட்கத்தோடு எழுதுகிறேன். மதியம் சாப்பாடு முடிந்து, உதவி செய்கிறேன் பேர்வழி என்று மீன் முள்ளும் முருங்கைச் சக்கையும் இருந்த பையை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனேன். சுவரில் இரண்டு கதவுகள். படிக்கும் கண்ணாடி இல்லை. ஒன்றைத் திறந்து போட்டேன். அக்கா மகள் ஓடி வந்தாள். "மாமா! அது ரீசைக்கிள்!" அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் நான் கோயில் குளத்தில் எச்சில் துப்பியது போல இருந்தது. ஈரக் குப்பை ஒன்று விழுந்தால் கீழே இருக்கிற காகிதம் மொத்தமும் பாழ். நான் மட்டும் குற்றவாளி இல்லை என்பது பிறகு தெரிந்தது. தொட்டிகளில் விழுவதில் பத்தில் நாலு பங்கு உதவாமல் போகிறதாம். இந்த நாட்டு வீடுகளின் மறுசுழற்சி விகிதமே 12 சதவிகிதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. இத்தனை ஒழுங்கான ஊரில்!

மற்ற குப்பை போகும் வழிதான் எனக்குப் பிடித்தது. போட்டது குழாயில் விழுந்து, தரைக்கடியில் காற்றால் உறிஞ்சப்பட்டு, ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் போய்ச் சேருகிறது. புளோக் புளோக்காகக் குப்பை வண்டி வர வேண்டாம், நாற்றம் இல்லை, கரப்பான் இல்லை. அங்கிருந்து எரியூட்டும் ஆலை, சாம்பல் கப்பலேறி செமக்காவ் தீவுக்கு. 1999இலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு.

பேசிக்கொண்டிருக்கும்போதே வானம் கிழிகிற சத்தம். போர் விமானம். பக்கத்திலேயே விமானப்படைத் தளம். பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பேரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாலையில் அந்தக் 'காட்டை'ப் பார்க்கப் போனோம். ஊரின் ஊடே 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டு வழி ஒன்று விடுகிறார்கள். மேற்கு நீர்ப்பிடிப்புக் காடும் மத்தியக் காடும் இதனால் தொடர்பில் இருக்கும், விலங்குகள் கடக்கலாம். தாளில் கணக்குப் போட்டேன்: 50 ஹெக்டேர். மொத்த 700இல் பதினாலில் ஒரு பங்கு. அதற்கு முன் இங்கே இருந்தது? பழைய கிராமங்கள், செங்கல் சூளைகள், ராணுவப் பயிற்சி நிலம், இவை கைவிடப்பட்ட பின் தானாக வளர்ந்து மூடிய காடு. எறும்புத்தின்னிகூட இருந்த காடு. இன்னும் கொஞ்சம் விட்டுவையுங்கள் என்று இங்குள்ள இயற்கைச் சங்கம் கேட்டது. காட்டு நகரத்துக்காக வெட்டியதும் காட்டைத்தான்.

இதை நான் சொன்னபோது அக்கா மகள் கோபப்படவில்லை. "பின்ன நாங்க எங்க மாமா போறது?" என்றாள். கல்யாணமாகி மாமியார் வீட்டு ஒற்றை அறையில் ஐந்து வருடம் காத்திருந்தவள். சதுப்பில் கட்டிய வீட்டில் குடியிருக்கிற நான் அதற்குமேல் என்ன பேச?

நாள் 5, ஞாயிறு

காய்கறி வாங்க, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை. ஞாயிறு மாலை அங்கே போனால் சிவகங்கைச் சந்தையா சிங்கப்பூரா என்று சந்தேகம் வரும். வாரத்தில் ஆறு நாள் உழைத்த ஆண்கள் புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காப்பிக்கடையில் எதிரே உட்கார்ந்தவர் அறந்தாங்கிப் பக்கம். பதினோரு வருடமாகக் கட்டுமான வேலை. நான் வடிகால் ஆள் என்றதும் நெருக்கமாகிவிட்டார். தங்குவது ஊர் ஓரத்து விடுதியில், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். காலையில் லாரியின் பின்பக்கம் ஏறி வேலைக்கு, இரவில் அதே லாரி. லாரியில் ஆட்களை ஏற்றுவது இங்கே சட்டப்படி இன்னும் சரிதான். நிறுத்த வேண்டுமென்று நாடாளுமன்றத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கார்களை எண்ணி எண்ணி விடுகிற ஊரில் இந்த லாரிகளைக் காலை ஆறு மணிக்கு விரைவுச்சாலையில் வரிசையாகப் பார்க்கலாம்.

"இப்ப எங்க வேலை?" என்றேன்.

"ஜூரோங்கு. அதுக்கு முன்னாடி தெங்கா. ரெண்டு வருசம்."

எந்த இடம் என்று விசாரித்தேன். அக்கா மகள் இருக்கும் பகுதியேதான். தரைக்கடியில் குப்பைக் குழாய் பதித்த கூட்டத்தில் இவரும் ஒருவர்.

"அதுல வளைவு ரொம்ப முக்கியம்ணே. வெட்டி ஒட்டுற எடத்துல ஒரு பிசிறு இருந்தாப் போதும், துணி கிணி மாட்டி அடைச்சுக்கும். அப்புறம் ரோட்டைத்தான் ஒடைக்கணும். எங்க சூப்பர்வைசர் லைட் அடிச்சு உள்ள பாப்பாரு. ரெண்டு எடத்துல கழட்டித் திரும்பப் போட்டோம். ஓவர்டைம் கூடக் குடுக்கல."

டீயை முடித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க அந்த வீட்டுலதான தங்கியிருக்கீங்க? குப்பை ஒழுங்காப் போவுதா?"

போகிறது என்றேன். நான் எந்தக் கதவில் போட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

"கட்டி முடிச்சதும் உள்ள விட மாட்டாங்க. அதான் கேட்டேன்" என்றார்.

டீக்கு நான் காசு கொடுக்க விடவில்லை.

நாள் 6, திங்கள்

காலை பத்தரைக்கு விமானம். ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எல்லோரும் தூக்கம். அடுக்களையில் நேற்றைய குப்பைப் பை கட்டி வைத்திருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்துப் போனேன். கதவில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். சரியான கதவைத் திறந்து போட்டுவிட்டு, காதை வைத்துக் கேட்டேன். கீழே தொப்பென்று விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. போய்விடலாம் என்று திரும்பும்போது, எங்கோ அடியில், யாரோ நீளமாக மூச்சிழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.